ஒரே உதையில்

மாமா மறுபடியும் உதைத்தார். ஸ்கூட்டர் வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அனகாபுத்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். முந்தின ராத்திரி அப்பாவே சாவியை அவர் கையில் கொடுத்திருந்தார்.

அந்தச் சாவியைத்தான் நான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியைக் கிளப்ப அது வேண்டாம்; ஹேண்டில் பூட்டைத் திறந்து ஓட்டிப்போகத்தான் வேண்டும்.

லைசென்ஸ் எடுக்கும் வயசு வரட்டும் என்பார் அப்பா. ஆனால் பெருங்களத்தூரில் பஸ் இடித்து அவருக்கு வலது தொடை எலும்பு உடைந்த நாளிலிருந்து, தினமும் காலையில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கிக்கரை உதைத்து, எஞ்சினை உயிரோடு வைத்திருந்தது நான். தூங்கும்போது அவர் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நடுவில் தலையணை வைப்பது நான். கக்கூசில் ஓட்டை போட்ட நாற்காலியைத் தூக்கி வைப்பதும் நான்தான்.

மாமா வந்ததிலிருந்து அப்பா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எல்லாம் மாப்ள, மாப்ள. கறிக்குழம்பில் நல்லி எலும்பு மாப்பிள்ளைக்கு. ஆபரேஷனில் இடுப்புக் குழிக்குள் வைத்த செயற்கை உருண்டையின் எக்ஸ்ரே படத்தைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்குத்தான் காட்டினார். உருண்டைக்குள் இன்னொரு உருண்டை, பேரிங் மாதிரி சுத்தும் மாப்ள என்று பெருமையாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் நான்.

அப்பா மாமாவிடம் பாதிதான் சொன்னார். போன மாதம் தாழ்வான பெஞ்சிலிருந்து எழுந்தபோது அந்த உருண்டை குழியை விட்டுக் கழன்றுவிட்டது. டாக்டர் மயக்கம் கொடுத்து, இழுத்துப் பொருத்தினார். இன்னொரு தடவை கழன்றால், இழுக்கும்போது உள்ளே இருக்கும் உருண்டை வெளி உருண்டையை விட்டுப் பிரிந்துபோகலாம், அப்புறம் வெட்டித் திறப்பதைத் தவிர வழியில்லை என்றார். இந்தச் சர்க்கரையோடு இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அப்போது அந்த அறையில் அப்பாவோடு இருந்தது நான் மட்டும்.

அதனால்தான் சாவி கை மாறியது எனக்கு அப்படி வலித்தது.

காலையில் வழக்கம்போல வண்டியைக் கிளப்பினேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடினேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்ததெல்லாம் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். தினமும் கேட்கிற சத்தம்தானே. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணக்கு இவ்வளவுதான். மாமா உதைத்துப் பார்ப்பார். முடியாது. அப்பா, சத்யா இங்க வாடா என்பார். நான் போய் டேப்பைத் திறந்துவிட்டு, சாய்த்து, ஒரே உதை.

மாமா உதைத்துக்கொண்டே இருந்தார். காலரில் மஞ்சள் வைத்த புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டேப்பைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. எதிர்வீட்டு முனீர் அண்ணன் அம்பாசிடரைத் துடைத்தபடி, மாப்ள அப்படியே தள்ளிகினு போனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேந்துடலாம் என்றார். பட்டுப்புடவையில் நின்ற அக்காவே சிரித்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா வாக்கரை நகர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னா மாப்ள, மொறைக்குதா? இது ஆளப் பாத்துதான் கெளம்பும்."

இப்போது கூப்பிடுவார் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். கூப்பிடவில்லை.

வாக்கரை விட்டுவிட்டு, பிடிமானத்துக்காகச் சீட்டுக்கு அடியில் ஒரு கையை ஊன்றி மெல்ல மூச்சு வாங்கினார். பிறகு மாமாவை நகரச் சொன்னார். வண்டியைத் தன் பக்கம் சாய்த்தார். நிமிர்த்தினார். வலது காலைத் தூக்கிக் கிக்கரில் வைத்தார்.

அப்பா வேணாம் என்று நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது.

ஒரே உதை.

சொட்டுப் பெட்ரோல் இல்லாத வண்டி எப்படிக் கிளம்பியது என்று எனக்குப் புரியவில்லை. மாமா கைதட்டினார். அப்பா சிரித்தார். சிரித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

வலது கால் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடது காலைவிடக் குட்டையாக இருந்தது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது.

முனீர் அண்ணன் காரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா, எல்லாம் என்னாலதான், நான் வராமலே இருந்திருக்கலாம் என்று அழுதாள். மாமா என்ன செய்வது என்று தெரியாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் ஸ்கூட்டரை அணைக்கவில்லை.

தலையணையை நான்தான் எடுத்து வந்தேன். கால்களுக்கு நடுவில் வைத்து, அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். அப்பாவின் முகமெல்லாம் வேர்வை. மாமாவிடம் கை நீட்டிச் சாவியைக் கேட்டார். மாமா கொடுத்தார்.

அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"டேப்ப நான் தொறந்துட்டேன். யாராண்டயும் சொல்லிக்காத. வண்டிய எடுத்துகினு பின்னால வா."

சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

கார் தெருமுனை திரும்பி ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போய்விட்டது. ஸ்கூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏற எனக்குக் கால் எழவில்லை.