மாஸ்டர் கட்டிய வலைகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் பாட்டை நிறுத்தட்டும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து பெரியகல்லாற்றுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்த தேவராயன் மாஸ்டருக்கு ஊருக்கும் உழைக்க ஆசை. கிணறு இறைத்தார், கிணற்றுக்குள் விழுந்தார். தோணி தள்ளினார், தோணியை விட்டுவிட்டு நீந்தி வந்தார்.

"என்னால யாருக்கும் பிரயோசனமில்ல. ஊருக்கே போயிடுறேன் சார்" என்று பள்ளிக்கூட அதிபர் வினாயகமூர்த்தியிடம் புலம்பினார்.

அதிபருக்கு வியர்த்தது. பிள்ளைகளின் ஆண்டிறுதிச் சோதனைக்கு நாலு மாதம். வேறு இங்கிலீஷ் மாஸ்டர் இல்லை.

அந்தக் கிழமையிலிருந்து சனிதோறும் மாணவி நிருஷா கிழிந்த வலையொன்றைக் கொண்டுவந்தாள். மாஸ்டரின் முடிச்சுகள் உளுந்து வடை பருமன். ஆனாலும் பன்னிரண்டு வலைகளைக் கட்டி முடித்தார்.

"என் வலையில மீன் படுதாம்மா?"

"ஓம் மாஸ்டர், இழுக்க ஏலாத பாரம்!"

அந்தப் பாரத்தை ஒருதரம் பார்க்க ஆசைப்பட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனார். நிருஷாவின் தாய் கத்தரிக்கோலால் அவருடைய வடைகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை தானே மாஸ்டர்" என்றாள் தலை குனிந்தபடி. "புள்ளைகள்ற சோதனை முடியுமட்டும் போயிராதீங்க."

மறுநாள் மாஸ்டர் வலை ஊசியோடு வழக்கம்போல் காத்திருந்தார்.

நிருஷாவின் தகப்பன் தையற்காரர். அந்த வீட்டில் யாரும் மீன் பிடித்ததே இல்லை.