இறங்காத வண்டி

"இதைவிடப் பெரிய டயர் இருக்கா, இல்ல உன்கிட்ட இருக்கிறதிலேயே இதுதான் பெருசா?"

குவாரிக்காரர் கேட்டதும் மெக்கானிக் தலையைச் சொறிந்தான். கடையில் அடுக்கி வைத்திருந்ததில் ஆகப் பெரியதைத்தான் அவன் உருட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஐயா, இதுக்கு மேல போகணும்னா டிராக்டர் டயர்தான். இந்தக் கார் குவாரிக்குள்ள ஓடுதா?"

"குவாரியை வித்தாச்சு. வண்டி எம் ஒத்தப் பொண்ணுக்கு. நாளைக்குக் காலையில அவளும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் போறாங்க. கிளம்பும்போது சாவியை அவ கையில குடுக்கணும்."

"பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க?"

"பல் டாக்டர்."

ஜாக்கி வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "பல்லு புடுங்கவா இவ்ளோ பெரிய டயரு?"

"நீ உள்ள போ," என்றார் குவாரிக்காரர். தலை உள்ளே போனது.

அவர் ஸ்டூலை இழுத்து வண்டிக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றை மாட்டுகிற கடைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். டீ வந்தது. அதையும் வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தார்.

"ஐயா, உள்ளதைச் சொல்லிடறேன்," என்றான் மெக்கானிக். "இந்த வண்டியில ஸ்பிரிங் கிடையாது. காத்துப் பைதான் தூக்கி நிறுத்துது. ஸ்விட்சை அமுக்கினா காத்து இறங்கி, வண்டி அப்படியே உக்காந்துக்கும். ஏறி இறங்கச் சுலபம். பெரிய டயரை மாட்டிட்டா உக்காரும்போது மட்கார்டுல உரசும். ஸ்டியரிங்கைத் திருப்பினா கிழிச்சே போட்டுடும்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"உக்காரவே உக்காராத மாதிரி கம்ப்யூட்டர்ல பூட்டணும். அப்புறம் எப்பவும் நின்னபடிதான் நிக்கும்."

"ரொம்ப நல்லது. பூட்டு."

"பொண்ணு தொங்கிக்கிட்டுதான் ஏறணும்."

"தொங்கட்டும்."

"பெட்ரோல் குடிக்கும்."

"குடிக்கட்டும்."

"உள்ள இரைச்சல் கேக்கும். பேசுறதுகூடக் காதுல விழாது."

"மாப்பிள்ளை பேச்சுதானே? விழாம இருந்தா நல்லதுதான்."

மெக்கானிக்குக்குக் குழப்பம். வண்டிக்குக் கெடுதல் என்று எதைச் சொன்னாலும் இந்த மனிதர் முகம் மலர்கிறதே! கையிலிருந்த காசைப் போட்டு, நன்றாக இருக்கும் வண்டியைக் கெடுக்கச் சொல்கிறவரை அவன் இதுவரை பார்த்ததில்லை.

நாலு டயரும் ஏறின. உரசுவதைக் காட்டலாம் என்று அவன் ஸ்விட்சை அமுக்கினான். உஸ்ஸென்று காற்று இறங்க, வண்டி மெதுவாகத் தாழ்ந்தது.

"ஏய்! எதுக்குடா இறக்குற?" ஸ்டூல் உருள எழுந்து ஓடிவந்தார். "தூக்கு! முதல்ல தூக்கு!"

தூக்கினான். அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். "அந்த முனையைப் பிடி. தரையில இருந்து வண்டிக் கூரை வரைக்கும்."

"ஐயா, எல்லாரும் தரைக்கும் வண்டியோட அடிக்கும் நடுவுலதான் அளப்பாங்க. கல்லு இடிக்குமான்னு பாக்க. நீங்க ஏன் கூரையை அளக்குறீங்க?"

"பிடின்னா பிடி."

அளந்தார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். மறுபடி ஒருமுறை அளந்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"சரி, இந்தப் பூட்டை வேற கடையில குடுத்துத் திறந்துட்டா?"

"திறந்தாலும் இந்த டயரை வெச்சுக்கிட்டு இறக்க முடியாது. டயரை மாத்தினாத்தான் உண்டு."

"மாத்த மாட்டா," என்றார். "நான் ஆசையா வாங்கிக் குடுத்ததை அவ மாத்த மாட்டா." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மச்சான் மெக்கானிக்கை ஓரமாக இழுத்தான். "மாமா, இது மாப்பிள்ளை மேல இருக்கிற கடுப்பு. ரெண்டு பேருக்கும் ஆகாதாம், அதனாலதான் அவங்க இவர் வீட்டை விட்டே போறாங்களாம். நாளைக்கு அந்த ஆளு நம்ம கடை வாசல்ல வந்து கத்துவான் பாரு."

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு நேராக வந்து நின்றான்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. விஷயம் தெரியாம நான் பூட்ட மாட்டேன். இப்படி ஒரு வண்டியைக் குடுத்தீங்கன்னா மாப்பிள்ளைக்குக் கோவம் வரும். உங்க பொண்ணுக்கும் வரும். அப்புறம் அவங்க உங்க வீட்டுப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒத்தப் பொண்ணு. யோசிச்சுப் பாருங்க."

குவாரிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் மச்சானையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினார்.

"அவங்க போற அடுக்குமாடி வீட்டைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். வண்டி நிறுத்துற இடம் கீழ்த்தளத்துல. வாசல்ல மேல குறுக்கே ஒரு இரும்புக் குழாய். பழைய டயர்ல, காத்தை இறக்கினா இந்த வண்டி அதுக்கடியில சுலபமா நுழைஞ்சிடும். இனிமே நுழையாது."

"அதனால?"

"அந்தத் தெருவுல வெளிய நிறுத்த விட மாட்டாங்க. அடுத்த தெருவுல நம்ம வீட்டுலதான் இடம் இருக்கு. காலையில வண்டியை எடுக்க ஒரு தடவை, சாயங்காலம் கொண்டாந்து விட ஒரு தடவை... திட்டிக்கிட்டாவது தினம் ரெண்டு வேளை வருவா இல்ல தம்பி?"