அப்பா தேய்த்த மெழுகு

இளையோர் பனிச்சறுக்குப் போட்டி. விடிந்ததிலிருந்து தாவெட் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் மைரிட் எட்டிப் பார்த்தாள்.

“மெழுகு சரியாப் பிடிக்குமாப்பா?”

“ஏத்தத்துல பிடிக்கும், இறக்கத்துல பறக்கும். நீ கஞ்சி குடிச்சியா?”

“குடிச்சாச்சு. என்னை நினைச்சுக் கையை நடுங்க விட்டுடாதீங்க.”

பத்துக் கிலோமீட்டர் சறுக்கி, இரண்டே விநாடி வித்தியாசத்தில் மைரிட் தங்கத்தைத் தவறவிட்டாள். மூச்சிரைக்க வந்து அப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

“மன்னிச்சிடும்மா,” என்றார் தாவெட்.

“எதுக்குப்பா?”

அதற்குள், ஜெயித்த பின்லாந்துப் பெண் ஹெல்மி ஓடிவந்தாள்.

“தாவெட், நீங்க போட்ட மெழுகுதான் என்னை ஜெயிக்க வச்சுது!”

எஸ்தோனியாவுக்காகப் போட்டியிட்ட மகள், பின்லாந்து அணியில் வேலை பார்க்கும் அப்பாவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“எனக்காக மெழுகுல கொஞ்சம் ஏமாத்தியிருந்தாலும் உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்ப்பா.”