பனிமிண்ட்

ஜெபசிங் திருப்பதியில் ஒரு சூயிங்கம் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒவ்வொரு பேட்சையும் மென்று பார்த்து ஓகே சொல்வது அவன்தான். இன்று சித்தூரில் பெண் பார்க்க வந்திருந்தான்.

“உங்க கம்பெனியில முதல்ல என்ன போட்டாங்க தம்பி?” என்று பெண்ணின் அப்பா இஸ்ரேல் கேட்டார்.

“இருமல் மிட்டாய் அய்யா. அப்புறம்தான் டிங்கோ.”

“தெரியும், செவப்பு பேப்பர். பத்து நிமிஷத்துல வாசனை போயிடும். பனிமிண்ட் வந்தப்புறம்தான் உருப்படி. முழுசா ஒரு மணி நேரம் நிக்கும்.”

ஜெபசிங் அசந்துபோனான். “எங்க மேனேஜருக்கே இவ்வளவு தெரியாதுய்யா.”

“இப்பவும் அதைத்தான் மென்னுக்கினு வந்தீங்களா?”

“ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றேன்யா. இன்னிக்கு மட்டும் நாற்பது பீஸ்.”

இஸ்ரேலின் முகம் மாறியது. “குடிப்பீங்களா?”

“தொட்டதே இல்லய்யா.”

“கொஞ்சம் ஊதுங்க.”

கூச்சத்தோடு ஊதினான். கூடம் முழுக்கப் புதினா மணத்தது.

“பாருங்கய்யா, வேற வாசனையே இல்ல.”

காபித் தட்டோடு வந்த இஸ்ரேலின் மனைவி ஞானமணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

ஜெபசிங் அவசரமாக ஐடி கார்டை எடுத்து நீட்டினான். “மெல்றதுதான்யா என் வேலையே.”

இஸ்ரேல் அதை வாங்கவில்லை. எழுந்து கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க தம்பி. நான் குடிச்ச இருபது வருஷமும், இவ ஊதச் சொன்னப்பல்லாம் எனக்கும் இதே வாசனைதான் வந்துச்சு.”