ஒத்துப்போகாத இரண்டு குழாய்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ஒரு கோபக்காரரின் கதை.

"முன்கூட்டியே தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே, நீயெல்லாம் மனுஷியா? என் பொண்டாட்டி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறா!"

ஆய்வுக்கூடத்துக்குள் புயலாக நுழைந்தவர் மேசையை ஓங்கித் தட்டினார். அங்கே ரத்தம் எடுப்பவள், பிடித்திருந்த குழாய்களைத் தாங்கியில் செருகினாள்.

"குழந்தை, சார்?"

"கண்ணாடிப் பெட்டியில மூச்சுக்கு மல்லுக்கட்டுது. பேச்சை மாத்தாதே! அவ ரத்தம் என்ன சொல்லுச்சு?"

அங்கே ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இரண்டு குழாய் எடுப்பார்கள். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைந்து மேலே நீர் தெளியும். ஊதா மூடிக் குழாயில் மருந்து இருப்பதால் உறையாது. வலிப்பு போன்ற பேறுகால ஆபத்தை முன்பே காட்டிக்கொடுக்கும் புரதத்தை எதில் நம்பி அளப்பது? அதுதான் ஆராய்ச்சி.

"சிவப்பு மூடி பயமில்லைன்னுச்சு. ஊதா மூடி ஆபத்துன்னுச்சு."

"ஒண்ணு ஆபத்துன்னா போதாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பாளே!"

"சொல்லத்தான் துடிச்சேன். ரெண்டும் ஒத்துப்போகலை, ஒதுக்கி வைன்னு மேலேர்ந்து உத்தரவு."

"உத்தரவுன்னா? கிணத்துல குதின்னா குதிப்பியா?"

"வேலை போயிடும்னு பயந்து அடங்கிட்டேன். அது என் தப்புதான், சார்."

"உன் வேலை பெரிசா, அவ உயிர் பெரிசா?" அவர் தொண்டை கிழியக் கத்தினார். குழாய்களைச் சுழற்றித் தெளியவைக்கும் இயந்திரத்தருகே நின்ற ஊழியர் இருவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "எந்த மடையன் அப்படிச் சொன்னான்? ஆளைக் காட்டு! சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்தப் பெட்டி முன்னால நிறுத்துறேன்!"

அத்தனை நேரம் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். அவளுக்கும் ரத்தம் கொதித்தது.

"நீங்கதான், சார். இந்தக் கூடத்துக்குத் தலைவர் நீங்கதானே? என்ன செய்யறதுன்னு போன்ல கேட்டேன், யாரோட ரத்தம்னு சொல்ல வாயெடுத்தேன். 'நாம பண்றது ஆராய்ச்சி, வைத்தியமில்லை. பேரெல்லாம் எனக்கெதுக்கு'ன்னு போனை வெச்சுட்டீங்க."

உங்கள் வீட்டுப் பெண்கள் நோகாமல் பெற்றெழட்டும், கண்ணுகளா; அவர்களுக்காக வாய் திறக்க எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.