சுற்று வழி

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

டிக்கெட்டை மேசைமேல் வீசாத குறையாக வைத்தார் அவர். விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கவுண்டர்ப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. தொண்டைத் தண்ணீர் வற்ற விமானக் கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கிய இடங்கள் அவை.

"சார், உங்க பழைய ஃப்ளைட் நேரத்தை அவங்க கொஞ்சம் மாத்திட்டாங்க. அதையே சாக்கா வச்சு, உங்களுக்கும் பாப்பாவுக்கும் நேரா போற ஃப்ளைட்ல இடம் வாங்கினேன். ஒரு பைசா கூடுதல் இல்லை. நாலே மணி நேரம், போய் இறங்கிடலாம்!"

"நேரா போறது வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கலை. ஆனா…"

"நடுவுல ஒரு ஊர்ல இறங்கி, காத்திருந்து, வேற ஃப்ளைட் மாறி, பதினாலு மணி நேரம். அதைத்தானே எடுக்கச் சொன்னேன்?"

அவளுக்குப் பொறுக்கவில்லை. "மூவாயிரம் கிலோமீட்டர் போறதுக்குப் பாதி ஆசியாவைச் சுத்தணுமா சார்? அவனவன் இந்த சீட்டுக்குத் தவம் கிடக்கிறான்."

"அவனவனுக்கே குடுங்க. எனக்குப் பழையது வேணும்."

பக்கத்து இருக்கைக்காரி அவள் காதோரம் குனிந்தாள். "நடுவுல இறங்குற ஊர்ல சாருக்கு ஏதோ ஜோலி இருக்குடி. ஆளு சும்மா துடிக்கல."

இருக்கும். ஏழு வயதுப் பிள்ளையை விமான நிலைய பெஞ்சில் போட்டு வாட்டிவிட்டு ஊர் சுற்றுவாராக்கும். என்ன அப்பன் இவன்! நல்லது செய்யப் போனவளுக்கு வசவுதான் மிச்சம்.

"குழந்தை என்ன சார் பாவம் பண்ணுச்சு? தூக்கம் கெட்டு அழும். அங்க அவங்கம்மா பிள்ளை எப்ப வரும், எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்களா?"

"இருப்பாங்க" என்றார் அவர் வெடுக்கென்று.

சத்தம் கேட்டுக் கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "கேட்டதைக் குடுத்து அனுப்பும்மா. வேலியில போற ஓணானை ஏன் மடியில எடுத்து விட்டுக்கிற?"

அவள் விசைப்பலகையைப் படபடவென்று தட்டினாள். பழைய விமானத்தில் கடைசி வரிசை மட்டுமே மீதி இருந்தது.

"இதை விட்டா நேரா போற சீட் திரும்பக் கிடைக்காது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல போடுங்க."

"இவ்வளவு பிடிவாதம் எதுக்கு சார்? எனக்கு அதை மட்டும் சொல்லிடுங்க."

அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

"அவளை அவங்கம்மாகிட்ட விட்டுட்டு நான் மட்டும் திரும்பி வரணும், அதுதான் கோர்ட்டு தீர்ப்பு. போய்ச் சேர்ற வரைக்கும்தாம்மா அவ என் பொண்ணு, அதை நாலு மணி நேரத்துல முடிச்சுக்கச் சொல்றீங்களே!"