அசையாத மவுஸ்

"நேத்து மூணு மணி நேரம் உங்க மவுஸ் அசையவே இல்ல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார் மேனேஜர்.

கிளார்க் அம்மா ஏற்கெனவே இரண்டு முறை மெமோ வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலைக்கே வேட்டு.

"சீட்லதான் சார் இருந்தேன்."

"கேமராவுல பார்த்தேனே! தலையைக் குனிஞ்சு நல்ல தூக்கம்."

"தூங்கல சார், எழுதிட்டிருந்தேன்."

"ஆபீஸ் நேரத்துல அப்படி என்ன எழுத்து?"

"உங்க கையில இருக்கே, அதுதான் சார். சாயங்காலம் நீங்க பேசப்போற 'டிஜிட்டல் யுகத்தில் மனித உரிமை'ங்கிற பேச்சு. கம்ப்யூட்டர்ல அடிச்சா எவனாவது எட்டிப் பார்ப்பான், கையாலயே எழுதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேனேஜர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "பேச்சு என்னவோ பிரமாதம்தான். ஆனா கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் புரியாதே? மெமோ வேணாம், நேத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் குடுத்துடுங்க."

அம்மா அங்கேயே லீவு லெட்டர் எழுதி நீட்டினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டதும், பேச்சுத் தாள்களை அவர் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார்.

"லீவுல எழுதினது சார். இது என் சொந்த விஷயம்."